பங்காளிகள்

வளைகுடாவில் தமிழர் வாயில் ‘பெங்காலி’ என்ற சொல் தங்குவதில்லை. ‘பங்காளி’ என்று ஆகிவிடுகிறது. “பங்காளி கடையில கேளு”, “அந்த ரூமுல ஆறு பங்காளிங்க இருக்காங்க” என்றுதான் பேச்சு. ஷார்ஜாவில் சனையா என்கிற தொழிற்பேட்டையில் ஒரு ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை நான் திருத்திப் பார்த்தேன். யாரும் திருந்தவில்லை. கொஞ்ச நாளில் என் வாயிலும் அதுவே வந்தது. எங்கள் அரியலூர்ப் பக்கம் பங்காளி என்றால் ஒரே பாட்டன் சொத்தில் பங்குள்ளவன். சாவு விழுந்தால் தீட்டு அவனுக்கும் உண்டு. கொள்ளிவைக்க ஆளில்லை என்றால் அவன்தான் முன்னால் வந்து நிற்பான். வரப்புக்காக அரிவாள் எடுப்பவனும் அவனே. இத்தனை வருடம் வங்காளிகளோடு ஒரே அறையில் படுத்தெழுந்த பிறகு, அவர்கள் விடுதலை பெற்ற கதைக்கும் பெற்றதைப் பங்கிட்ட கதைக்கும் இந்தச் சொல்லே போதும் என்று எனக்குப் படுகிறது.

எனக்குக் கீழ்க் கட்டில் குமில்லாக்காரருடையது. வெல்டர். 1991இல் வந்தவர். அறையில் எல்லோருக்கும் அவர் சாச்சா. அவரும் நானும் இத்தனை வருடமும் பேசியது இந்தியில். அவருடைய இந்தியில் வங்காளம் கலந்திருக்கும், என்னுடையதில் தமிழ். உப்பு எங்கே என்று கேட்பதும், ஊரில் அம்மா இறந்த சேதியைச் சொல்லி அழுததும் அந்த மொழியில்தான். ஒரு பிப்ரவரி 21 அன்று அவர் காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன விசேஷம் என்று இந்தியில் கேட்டேன். மொழிக்காகச் செத்தவர்கள் நாள் என்று இந்தியில் சொன்னார். சொல்லிவிட்டு இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

1948 மார்ச் 21 அன்று டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஜின்னா, உருதுதான் பாகிஸ்தானின் ஆட்சிமொழி, வேறெதுவும் இல்லை என்றார். 1952 பிப்ரவரி 21 அன்று அதே நகரில் பரக்கத், சலாம், ரஃபீக், ஜப்பார் என்று இளைஞர்கள் சுடப்பட்டு விழுந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் கீழப்பழுவூர். அந்த ஊர்ச் சின்னசாமி 1964 ஜனவரி 25 அன்று திருச்சி ரயில் நிலையத்தில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தன்னை எரித்துக்கொண்டார். இந்த இரண்டு ஊர்க்காரர்களும் அரபு மண்ணில் பேசிக்கொள்ள இந்தியும் உருதும் கலந்த ஒரு மொழிதான் வாய்த்தது. இதில் எனக்கு வெட்கம் இல்லை. திணித்தபோது உயிரைக் கொடுத்து மறுத்ததை, தேவை வந்தபோது யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டோம். இந்த வித்தியாசம் தெரியாதவர்களால்தான் பாகிஸ்தான் இரண்டாக உடைந்தது.

அன்றைக்குத்தான் சாச்சா எனக்குத் தீரேந்திரநாத் தத்தாவைப் பற்றிச் சொன்னார். குமில்லா வக்கீல். 1948 பிப்ரவரியில், ஜின்னா டாக்காவுக்கு வருவதற்கும் முன்னால், கராச்சியில் கூடிய அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, வங்காளத்திலும் சபையில் பேச இடம் வேண்டும் என்றார். நாட்டில் பாதிக்கு மேற்பட்டவர் பேசும் மொழி அது. சபை மறுத்துவிட்டது. இருபத்து மூன்று வருடம் கழித்து, 1971 மார்ச் 29 அன்று, எண்பத்து நான்கு வயதான அந்தக் கிழவரையும் அவர் மகனையும் ராணுவம் வீட்டிலிருந்து மைனாமதி கண்டோன்மென்டுக்கு இழுத்துப் போனது. உடல்கூடத் திரும்பவில்லை. “எங்க தாத்தா அவரைத் தீரேன் பாபுன்னுதான் சொல்லுவாரு” என்றார் சாச்சா. அந்த வருடம் சாச்சாவுக்கு ஐந்து வயது. அம்மா இடுப்பில் உட்கார்ந்து திரிபுராவின் சோனாமுராவுக்குப் போனார், இந்தியாவுக்கு வந்த ஒரு கோடி அகதிகளில் ஒருவராக. விடுதலைப் போர்த் தலைவர்களின் வரிசையை மேடையிலிருந்தோ துப்பாக்கியிலிருந்தோதான் நாம் தொடங்குவோம். சாச்சாவின் வரிசையில் முதல் ஆள் கோட்டுப் போட்ட ஒரு வக்கீல். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

வங்காளிகளின் தலைவர்களைப் பற்றி நான் படித்து அறிந்தது கொஞ்சம். அவர்களுடைய விமான டிக்கெட்டில் பார்த்ததுதான் அதிகம். சாச்சா தன் பழைய டிக்கெட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். சிவப்புக் கார்பன் மங்கிப்போன தாள்கள். அவர் முதன்முதலில் ஏறிய டாக்கா விமான நிலையத்தின் பெயர் ஜியா இன்டர்நேஷனல். 2010இல் அது ஹஸ்ரத் ஷாஜலால் ஆனது. எதிர்க்கட்டில் சிட்டகாங்காரர். அவர் ஊர் விமான நிலையம் முன்பு எம்.ஏ. ஹன்னான் பெயரில் இருந்தது, 2005இல் ஷா அமானத் ஆயிற்று. மூலைக்கட்டில் சில்ஹட்காரர் மட்டும் அன்றும் இன்றும் உஸ்மானி விமான நிலையத்தில்தான் இறங்குகிறார். ஒரு பக்கம் ஷேக் முஜிபின் கட்சியான அவாமி லீக் ஆட்சி, இன்னொரு பக்கம் ஜியாவின் கட்சியான பி.என்.பி. ஆட்சி. ஆள் மாறும்போது ஊருக்குப் போகிற வாசலின் பெயரும் மாறிவிடும்.

இந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு அறிவிப்பைப் பற்றிய வழக்கு. 1971 மார்ச் 25 நள்ளிரவில் பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் சுடத் தொடங்கியது. அன்றிரவே ஷேக் முஜிபுர் ரஹ்மானைத் தன்மண்டி 32ஆம் சாலை வீட்டிலிருந்து கைதுசெய்து கொண்டுபோனார்கள். 26ஆம் தேதி சிட்டகாங் வானொலியில் முஜிபின் பெயரால் விடுதலை அறிவிப்பை வாசித்தவர் அந்த ஊர் அவாமி லீக் தலைவர் ஹன்னான். 27ஆம் தேதி மாலை, காலூர்காட் ஒலிபரப்பு நிலையத்திலிருந்து பேசியவர் கலகம் செய்து வெளியேறிய கிழக்கு வங்காள ரெஜிமென்ட் மேஜர், ஜியாவுர் ரஹ்மான். யார் முதலில் அறிவித்தது? ‘கோஷக்’ யார்? வங்காளியிடம் இந்தக் கேள்வியை வெறும் சரித்திரக் கேள்வியாகக் கேட்க முடியாது. அது பத்திரம் யார் பேரில் என்று கேட்பதற்குச் சமம். எங்கள் அறையிலேயே இதற்காகச் சோற்றுத்தட்டு பறந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குத் தோன்றுவது இது. மார்ச் 7 அன்று ரேஸ்கோர்ஸில் முஜிப் பேசியபோதே மக்கள் மனத்தில் நாடு பிறந்துவிட்டது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் ரேடியோவைத் திருகியவனுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது வேறொன்று. ராணுவத்திலிருக்கும் நம் ஆட்கள் நம் பக்கமா என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். ஒரு மேஜரின் குரல் அதைச் சொன்னது. அந்தக் குரலும் முஜிப் சார்பில் என்றே பேசியது. ஒருவர் சிறையில், மற்றவர் அவர் பெயரைச் சொல்லித் துப்பாக்கியோடு வெளியில். அந்த இரண்டு நாளும் அவர்களுக்குள் வழக்கு இருக்கவில்லை. வழக்கெல்லாம் பின்னால் பிள்ளைகள் காலத்தில் வந்தது, எந்தப் பாகப்பிரிவினையிலும் வருவதுபோல. தலைவர் பெயரில் சண்டை தீராமல் போகவே இரண்டு விமான நிலையங்களும் ஷாஜலால், ஷா அமானத் என்ற சூஃபி அவுலியாக்களிடம் அடைக்கலம் புகுந்தன.

உஸ்மானியின் பெயரை மட்டும் யாரும் தொடவில்லை. முக்தி வாகினியின் தலைமைத் தளபதி. இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். கட்சி நடத்த வாரிசு இல்லாதவர். 1975இல் முஜிப் ஒரே கட்சி ஆட்சியைக் கொண்டுவந்தபோது அதை ஏற்காமல் நாடாளுமன்றப் பதவியைத் தூக்கிப் போட்டார். 1978இல் ஜியாவை எதிர்த்துத் தேர்தலில் நின்று தோற்றார். இரண்டு வீட்டுக்கும் அவர் சொந்தமில்லை என்பதே அவர் பெயரைக் காப்பாற்றிவிட்டதோ என்னவோ. சில்ஹட்டில் ஷாஜலால் தர்காவிலேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள்.

1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் எடுத்த அந்தப் படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாகிஸ்தான் ஜெனரல் நியாஸி குனிந்து கையெழுத்துப் போடுகிறார், பக்கத்தில் தலைப்பாகையோடு இந்திய ஜெனரல் அரோரா. இந்தியனாகிய எனக்கு அது பெருமையான படம். சாச்சா என் செல்போனில் அதைப் பார்த்துவிட்டு, “எங்க ஜெனரல் இதுல இல்ல பாய்” என்றார். குரலில் கோபமே இல்லை. உண்மைதான், உஸ்மானி அன்று டாக்காவில் இல்லை. வங்காளப் படைகள் சார்பில் ஏ.கே. கந்தகார் பின்னால் நிற்கிறார். ஒன்பது மாதம் சண்டை போட்டவனின் தளபதி, எதிரி சரணடைகிற படத்தில் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் படத்தை என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை. யார் இருக்கிறார் என்பதைவிட யார் இல்லை என்பதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

இன்னொரு நாள் ராத்திரியை மறக்க முடியாது. பக்கத்து அறையில் பெஷாவர்க்காரர் ஒருவர், டிரெய்லர் ஓட்டுபவர், சுலைமானி குடிக்க வந்து உட்கார்ந்தார். பேச்சு எப்படியோ மதியுர் ரஹ்மானிடம் போனது. பாகிஸ்தான் விமானப் படையில் இருந்த வங்காளி அதிகாரி. 1971 ஆகஸ்ட் 20 அன்று கராச்சியில், இருபது வயதுப் பயிற்சி விமானி ரஷீத் மின்ஹாஸ் ஓட்டவிருந்த டி-33 விமானத்தில் ஏறி, அதை இந்தியாவுக்குக் கொண்டுபோகப் பார்த்தார். வானத்தில் இருவருக்கும் மல்லுக்கட்டு. தட்டாவுக்குப் பக்கத்தில் விமானம் விழுந்து இருவரும் இறந்தார்கள். மின்ஹாஸுக்குப் பாகிஸ்தான் தன் மிக உயர்ந்த வீர விருதான நிஷான்-ஏ-ஹைதர் கொடுத்தது. மதியுருக்கு வங்கதேசம் தன் மிக உயர்ந்த பட்டமான பீர் ஸ்ரேஷ்டோ கொடுத்தது. முப்பத்தைந்து வருடம் கராச்சி மண்ணில் கிடந்த மதியுரின் எலும்புகள் 2006இல்தான் டாக்கா வந்துசேர்ந்தன. பெஷாவர்க்காரர் மின்ஹாஸ் பெயரைச் சொன்னார், சாச்சா மதியுர் பெயரைச் சொன்னார். ஒரே விமானம், ஒரே சாவு. பிறகு பெஷாவர்க்காரர் தன் கிளாஸைக் கீழே வைத்து, சாச்சாவின் முழங்காலைக் கையால் லேசாக அழுத்திவிட்டு எழுந்து போனார். மறுநாள் விடியற்காலையில் இருவருக்கும் டியூட்டி இருந்தது.

அமீரகமும் வங்கதேசமும் ஒரே மாதத்துப் பிள்ளைகள். 1971 டிசம்பர் 2 அன்று துபாயில் ஆறு ஷேக்குகள் கூடி ஐக்கிய அமீரகத்தை அறிவித்தார்கள். மறுநாள் இந்தியா–பாகிஸ்தான் போர் மூண்டது, 16இல் டாக்கா விடுதலையானது. பஹ்ரைன் தேசிய நாளும் டிசம்பர் 16தான். மனாமாவில் வேலை செய்யும் வங்காளிக்குத் தன் வெற்றித் திருநாளுக்கு ஊதியத்தோடு விடுமுறை கிடைக்கிறது. ஆனால் அன்றைய வளைகுடா இந்தப் புதுப் பிள்ளையை உடனே தொட்டுத் தூக்கவில்லை. முஸ்லிம் நாட்டை உடைத்துப் பிறந்த நாடு என்ற தயக்கம். குவைத் 1973இல் அங்கீகரித்தது. 1974 பிப்ரவரியில் லாகூரில் இஸ்லாமிய நாடுகளின் உச்சிமாநாடு கூடியபோது, குவைத் வெளியுறவு அமைச்சர் ஷேக் சபா அல்-அஹ்மத், பின்னாளில் அந்நாட்டின் அமீர் ஆனவர், தூதுக்குழுவோடு டாக்காவுக்கே போய் முஜிபை லாகூருக்கு அழைத்துவர வழிசெய்தார். பாகிஸ்தான் அப்போதுதான் வங்கதேசத்தை ஏற்றது. அமீரகமும் கத்தாரும் அடுத்த மாதம் ஏற்றன. சவூதி அரேபியா காத்திருந்தது, 1975 ஆகஸ்ட் 16 வரைக்கும். அதற்கு முந்தின நாள்தான் முஜிப் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். இரண்டு மகள்கள் வெளிநாட்டில் இருந்ததால் பிழைத்தார்கள்.

கொன்றவர்களில் விடுதலைப் போரில் வீரப் பட்டம் வாங்கிய அதிகாரிகளும் இருந்தார்கள். இங்கேதான் என் மனம் நின்றுவிடுகிறது. பகைவன் கையில் செத்த தளபதிகளைவிடக் கூடப் போராடியவன் கையில் செத்தவர்கள் அதிகமோ என்று தோன்றும். காலித் முஷர்ரஃப், விடுதலைப் போரில் இரண்டாம் செக்டாரை நடத்தியவர், 1975 நவம்பர் 7இல் சிப்பாய்களால் கொல்லப்பட்டார். அந்தச் சிப்பாய்க் கிளர்ச்சியை நடத்தி, காவலில் கிடந்த ஜியாவை மீட்டவர் கர்னல் அபூ தாஹிர், காமல்பூர்ச் சண்டையில் ஒரு காலை இழந்தவர். அதே ஜியாவின் ஆட்சி, சிறைக்குள் ரகசிய நீதிமன்றம் வைத்து 1976 ஜூலை 21 அன்று அவரைத் தூக்கில் போட்டது. ஜியா 1981 மே 30இல் சிட்டகாங் சர்க்யூட் ஹவுஸில் சுடப்பட்டார். பழி விழுந்த மன்சூரும் ஒரு செக்டார் தளபதிதான், பிடிபட்ட சூட்டிலேயே அவரும் கொல்லப்பட்டார். பனங்காயையும் பங்காளியையும் பதம் பார்த்து வெட்டு என்று எங்கள் ஊரில் சாதாரணமாகச் சொல்வார்கள். இந்தப் பெயர்களை வரிசையாகத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பழமொழி என் வாயில் வருவதில்லை.

தாஹிரைத் தூக்கில் போட்ட அதே 1976இல் இரண்டு விதமான வங்காளிகள் வளைகுடாவுக்கு வந்தார்கள். முஜிபைக் கொன்றதில் சம்பந்தப்பட்ட அதிகாரிகளுக்குத் தூதரகப் பதவிகள் கொடுத்து வெளிநாடு அனுப்பினார்கள். ஜெத்தா, குவைத், அபுதாபி அந்த ஊர்களில் உண்டு. அதே ஆண்டில்தான் அரசாங்கக் கணக்கில் முதல் தொழிலாளர் கூட்டமும் வெளிநாடு புறப்பட்டது, 6,087 பேர், பெரும்பாலும் அரபு நாடுகளுக்கு. இந்த வழியைத் திறந்தது ஜியா என்பதால் அவர் பெயர் சொன்னால் கண் கலங்குகிற கிழவர்களை முசஃபாவில் பார்த்திருக்கிறேன். அரஃபாத் மைதானத்து வேப்பமரங்கள் ஜியா கொடுத்த கன்றுகள் என்று சொல்லி, ‘ஜியா மரம்’ என்றே அவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஹஜ்ஜுக்குப் போய்வந்த சிட்டகாங்காரர் அதில் ஒரு இலையைக் குர்ஆனுக்குள் வைத்திருக்கிறார். எங்கள் ஊர் வேப்பிலைதான். காய்ந்து, நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தது.

இதையெல்லாம் பேசும்போது கூட இருந்து கேட்பவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துத் தம்பி. ஏசி மெக்கானிக். 71 டிசம்பரில் தன் அப்பா ரேடியோவுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தார் என்று அம்மா சொன்னதாகச் சொல்வார். அந்த வருடம் இந்தியா தன் வானத்தை மூடியதால், பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டுதான் டாக்காவுக்குப் போயின. இலங்கைத் தமிழருக்கு வங்காளப் போர் அவ்வளவு பக்கத்தில் நடந்தது. நாலரை வருடத்தில், 1976 மே 14 அன்று, தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்தது. டாக்காவுக்கு வந்த இந்தியப் படை ஒருநாள் நமக்கும் வரும் என்று அந்தத் தலைமுறை நம்பியது. வந்தது, 1987இல். அது வந்தபின் என்ன நடந்தது என்பதை அந்தத் தம்பியிடம் நான் ஒருபோதும் கேட்டதில்லை.

வங்காளத் தளபதிகள் ஒருவரை ஒருவர் கொன்ற கதையை நான் ஒருநாள் வரிசையாகச் சொல்லி முடித்தபோது அவர் சொன்னார்: “அண்ணை, அவையள் நாட்டை எடுத்துப்போட்டுத்தான் ஆளையாள் சுட்டவை. நாங்கள் எடுக்க முதலே சுட்டுப்போட்டம்.”

இதற்குமேல் அன்று யாராலும் பேச முடியவில்லை. சாச்சாவுக்குத் தமிழ் தெரியாது. என்ன சொன்னார் என்று கேட்டார். இந்தியில் சொன்னேன். அவர் எழுந்து போய் அந்தத் தம்பிக்கு ஒரு தட்டு சோறு போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

விமான நிலையத்தில் பெயர் இல்லாத ஒருவரைப் பற்றி எழுதத்தான் நான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன். தாஜுதீன் அஹ்மத். முஜிப் பாகிஸ்தான் சிறையில். உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாத நாட்கள். கட்சிக்காரர்கள் சிதறி ஓடிக்கொண்டிருந்தார்கள். தாஜுதீன் எல்லையைத் தாண்டிப் போய் இந்திரா காந்தியைச் சந்தித்தார். 1971 ஏப்ரல் 10இல் அரசாங்கம் அமைந்தது. 17ஆம் தேதி மெஹர்பூரில் வைத்யநாத்தலா என்ற கிராமத்து மாந்தோப்பில் பதவியேற்பு. முஜிப் அங்கே இல்லாவிட்டாலும் அவரைத்தான் குடியரசுத் தலைவர் என்று அறிவித்தார்கள். அந்தத் தோப்புக்கே முஜிப்நகர் என்று பெயர் வைத்துவிட்டு, தாஜுதீன் பிரதமராக வேலையைத் தொடங்கினார். பிறகு எட்டு மாதம் கல்கத்தா தியேட்டர் ரோட்டில் எட்டாம் எண் வீடு. நாடு விடுதலையாகும்வரை குடும்பத்தோடு சேர்ந்து வாழ்வதில்லை என்று சபதம். அலுவலகத்திலேயே ஓர் அறையில் படுக்கை. மனைவி மக்கள் அதே ஊரில் இருந்தும் அங்கே போய்த் தங்கவில்லை. தன் துணியைத் தானே துவைத்துப் போட்டுக்கொண்டார் என்று அருகிலிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கட்சிக்குள் ஆயிரம் இழுப்பு. இந்த ஆள் எப்படிப் பிரதமராகலாம் என்று கேட்ட இளைஞர் தலைவர்கள். உள்ளேயே இருந்துகொண்டு வேறு வழியில் பேரம் பேச நினைத்த கந்தகார் முஷ்தாக். கூடாரங்களில் பசியோடு பயிற்சி எடுக்கும் பையன்கள், உதவி செய்கிற, தனக்கென்று கணக்கும் வைத்திருக்கிற பெரிய அண்டை நாடு. இத்தனையையும் ஒன்றாகக் கட்டி இழுத்துப் போனவர் ஒரு தடவைகூடத் தன் பெயரை முன்னால் வைக்கவில்லை. எல்லா ஆணையும் முஜிபின் பெயரால். திரும்பி வந்த முஜிபிடம் 1972 ஜனவரியில் பிரதமர் பதவியைக் கொடுத்துவிட்டு நிதியமைச்சர் ஆனார். 1974 அக்டோபரில் அந்தப் பதவியையும் விட்டுக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தார். முஜிப் கொல்லப்பட்ட பிறகு முஷ்தாக் ஆட்சி அவரையும் மூன்று சகாக்களையும் டாக்கா மத்திய சிறையில் அடைத்தது. 1975 நவம்பர் 3 அதிகாலையில் சிறைக்குள்ளேயே புகுந்து நால்வரையும் சுட்டார்கள். அவருக்கு வயது ஐம்பது.

வங்காளத்தின் விடுதலைக்கு முகம் முஜிப், குரல் ஜியா, மீசை உஸ்மானி என்று வைத்துக்கொண்டால், கை இவர். எனக்கு அதில் ஐயமே இல்லை. எட்டு மாதம் மனைவி மக்களோடு வாழாமல் வேலைசெய்த பிரதமரைப் பற்றி நான் சொன்னபோது, அறையில் இருந்த யாரும் அதை ஒரு பெரிய தியாகமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மூன்று வருடம் ஊருக்குப் போகாதவர்கள் அவர்கள். ஆனால் ‘தன் துணியைத் தானே துவைத்தார்’ என்றதும் சாச்சா தலையை நிமிர்த்திப் பார்த்தார். வெள்ளிக்கிழமைகளில் பாத்ரூம் வாசலில் பக்கெட்டோடு வரிசையில் நிற்கிறவர்களுக்கு அது விளங்குகிறது.

2024 ஜூலையில் எங்கள் அறை இரண்டானது. விடுதலைப் போர் வீரர்களின் வாரிசுகளுக்கு அரசு வேலையில் முப்பது சதவீத ஒதுக்கீடு திரும்ப வந்ததை எதிர்த்து டாக்காவில் மாணவர்கள் இறங்கியிருந்தார்கள். துப்பாக்கிச்சூடு, இன்டர்நெட் இல்லை, வீட்டுக்கு போன் போகவில்லை. அமீரகத்திலும் தெருவில் இறங்கிய வங்காளிகளைக் கைதுசெய்தார்கள். இந்த நாட்டில் ஊர்வலத்துக்கு அனுமதி இல்லை. ஜூலை 21 அன்று அபுதாபி நீதிமன்றம் 57 பேருக்குத் தண்டனை விதித்தது. மூன்று பேருக்கு ஆயுள், மற்றவர்களுக்குப் பத்து, பதினொரு வருடம். அந்த வாரம் அறையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. செப்டம்பர் 3 அன்று அமீரக அதிபர் அத்தனை பேரையும் மன்னித்தபோதுதான் மூச்சு வந்தது.

ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஹசீனா, முஜிபின் மகள், நாட்டைவிட்டுப் போனார். எங்கள் அறையின் இளவட்டங்கள் இரண்டு பேர் மிட்டாய் வாங்கிவந்து கொடுத்தார்கள். அதே நாளில் தன்மண்டி 32 எரிந்தது. சாச்சா மிட்டாயைக் கையில் வாங்கினார், சாப்பிடவில்லை. “பையன்களைச் சுட்டது தப்பு. வீட்டை ஏண்டா எரிச்சீங்க?” என்றார். அதில் ஒரு பையனுக்கு இருபத்து நாலு வயது. அவன் சொன்னதை மறக்கவே முடியாது: “சாச்சா, நான் 71ஐத் திட்டல. 71ஐ வச்சு என்னைத் திட்டினாங்க.” ராஜாகார் என்று பெயர் வைத்ததைச் சொல்கிறான். பாகிஸ்தான் ராணுவத்துக்குத் துணைப்படையாக நின்றவர்களின் பெயர் அது. கேட்கிற மாணவனை அந்தப் பெயரால் அழைப்பது எவ்வளவு பெரிய காயம் என்று சாச்சாவுக்கும் தெரியும். இருவருமே சரி. ஒரு தலைமுறை ரத்தம் கொடுத்து வாங்கியதை அடுத்த தலைமுறை வாரிசுச் சொத்தாகப் பூட்டிவைத்தால், மூன்றாம் தலைமுறை பூட்டை மட்டுமா உடைக்கும்? 2025 பிப்ரவரியில் அந்த வீட்டை இயந்திரம் வைத்தே இடித்துப் போட்டார்கள். ஜூனில் வந்த வங்கதேசத்தின் புதிய டாகா நோட்டுகளில் முஜிபின் முகம் இல்லை. சாச்சாவின் பர்ஸில் பழைய பத்து டாகா நோட்டு ஒன்று இருக்கிறது. முகத்தில் மடிப்பு விழாதபடி, நடுவில் மடிக்காமல், ஓரத்தில் மடித்து வைத்திருக்கிறார்.

போன டிசம்பரில் சாச்சா ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பினார். தேசிய நாளுக்குக் கட்டிய அமீரகக் கொடிகள் தெருவில் இன்னும் இறக்கப்படவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு அறை நடுவில் அட்டைப்பெட்டியை வைத்து, போர்வை, பால்பவுடர், டாங், பேரனுக்கு ரிமோட் கார் என்று அடுக்கி டேப் ஒட்டினார். கைநடுக்கம் வந்துவிட்டதால் பெட்டிமேல் என்னை எழுதச் சொன்னார். மார்க்கரால் பெயர் எழுதினேன், பாஸ்போர்ட் நம்பர், கிராமம், ஜில்லா எழுதினேன். ஏர்போர்ட் என்ன போட என்று கேட்டேன். மேல்கட்டிலில் இருந்து அந்த இருபத்து நாலு வயதுப் பையன் எட்டிப் பார்த்தான்.

“டாக்கான்னு எழுது, போதும்” என்றார் சாச்சா. பிறகு நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் சுற்றி இழுத்து, முதல் முடிச்சைப் போட்டுவிட்டு, அது நழுவாமல் விரலை வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னார். நான் ஒரு பக்கம் அழுத்தினேன். பையன் இறங்கிவந்து மறுபக்கம் அழுத்தினான்.